அக்காவுக்காக ஏறிய மலை

“ஞாயித்துக்கெழம ஆனா மல மலன்னு ஓடுறியே, அங்க இன்னாடி கீது உனக்கு?”

காசியம்மாள் இதை மூன்றாவது முறையாகக் கேட்டபோது குரல் கூடத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, எதிர்வீட்டு வாசல்வரை வந்துவிட்டிருந்தது. எதிர்வீட்டுப் பார்வதம் அங்கே கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மற்ற நாட்களில் நாலு கோடு இழுத்துவிட்டு உள்ளே போகிறவள், அன்றைக்குப் பதினைந்து புள்ளி வைத்திருந்தாள். அந்த வீட்டில் ஒரு சண்டை எவ்வளவு நேரம் ஓடும் என்று அவளுக்கு ஓர் உத்தேசம் உண்டு.

“பதினோரு மணிக்கு அச்சிறுபாக்கத்துலேர்ந்து வராங்க. பஜ்ஜி யாரு போடுறது? தட்டு யாரு எடுத்துகினு போறது? நான் ஒருத்தியே எத்தினி வேலை பாக்க?”

“போன வாரம் மதுராந்தகம், அதுக்கு முந்தின வாரம் உத்திரமேரூரு. பஜ்ஜிய துன்னுட்டு, வூட்டுக்குப் போய் சொல்றோம்னு போறவங்களுக்கு நான் எதுக்கும்மா தட்டு தூக்கணும்?” என்று சின்னவள் காயத்ரியும் விடவில்லை.

காயத்ரிக்கு இருபது வயது. அரசுக் கல்லூரியில் பி.காம். கடைசி வருஷம். காலையில் கல்லூரி, மத்தியானம் டேலி வகுப்பு, சாயங்காலம் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு டியூஷன். அந்தப் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில்தான் தன் பாடத்தையும் படித்துக்கொள்வாள். வாரத்தில் அவளுக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்றுதான். அதையும் செங்கல்பட்டு ஜில்லாவில் பெண் தேடி அக்காவைப் பார்க்க வருகிற குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து எடுத்துக்கொண்டிருந்தன.

இந்த மலைப் பைத்தியம் அவளைப் பிடித்தது நாட்டு நலப்பணி முகாமில். வல்லம் மலையில் பிளாஸ்டிக் பொறுக்கக் கூட்டிப்போனார்கள். எல்லோரும் பாதியில் நிழல் தேடி உட்கார்ந்தபோது இவளும் கூடப் படிக்கிற பிரிசில்லாவும் மேலே போய்விட்டார்கள். மேலே ஒன்றும் இல்லை. பாறை, காற்று, தூரத்தில் ஏரி. ஒரு மணி நேரம் அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கூப்பிடவில்லை. அவ்வளவுதான் விஷயம். இறங்கி வந்ததிலிருந்து அடுத்த மலை எது என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

இன்ஸ்டாகிராமில் மலையேற்றக் குழுக்கள் நிறைய உண்டு. ஒரு நாளுக்கு அவர்கள் கேட்கிற காசில் காயத்ரி ஒரு செமஸ்டர் ஃபீஸ் கட்டிவிடுவாள். அதனால் இவளும் பிரிசில்லாவும் தங்களுக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் எந்த ஊர்வரை போகிறதோ, அந்த ஊர் மலைதான் மலை. பழைய பள்ளிக்கூடப் பை, கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர், கடலைமிட்டாய், மழை வந்தால் போர்த்திக்கொள்ள ஏதோ கல்யாணத்து ஃபிளெக்ஸ் பேனரில் வெட்டிய துண்டு. மழையில் நின்றால் மணமகனின் பாதி முகம் பிரிசில்லாவின் முதுகில் சிரிக்கும். காலுக்கு, அக்கா சுஜாதாவின் கம்பெனி ஷூ. மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் சுஜாதாவுக்கு வேலை. வருஷத்துக்கு ஒரு ஜோடி கொடுப்பார்கள். முன்பக்கம் இரும்பு வைத்த பழைய ஜோடியை அவளே தங்கைக்குக் கொடுத்திருந்தாள். ஒவ்வொன்றும் ஒரு செங்கல் கனம்.

அந்த ஷூவைத்தான் காசியம்மாள் இப்போது ஒரு கையில் தூக்கிப் பிடித்திருந்தாள், கிணற்றில் போடப்போகிறவள் மாதிரி.

“ஊருல நாலு பேரு கேக்குறாங்கடி. பொட்டப்புள்ள காடு மேடுன்னு எவன்கூட சுத்திகினு கீதுன்னு. நான் இன்னா பதில் சொல்ல?”

கேட்ட நாலு பேரில் பார்வதம் ஒருத்தி. மற்ற மூன்று பேரும் அவள் சொல்லிக் கேட்டவர்கள். அது போகட்டும். அந்தக் கேள்விக்குத்தான் காயத்ரி, யோசிக்காமல், வாயில் வந்ததைச் சொன்னாள்.

“வேண்டுதல்னு சொல்லு.”

“இன்னா வேண்டுதல்?”

“அக்காவுக்கு. திருக்கழுக்குன்றத்து மலைய ஒம்போது ஞாயித்துக்கெழம ஏர்றேன்னு வேண்டிக்கினேன். வெறுங்காலோட. ஒம்போது வாரமும் முடியற வரைக்கும் பொண்ணு பாக்குற பேச்சே வூட்ல எடுக்கக்கூடாது. எடுத்தா பலிக்காது.”

கடைசி இரண்டு வாக்கியம் அவளுக்கே எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்ற வேண்டும், அக்காவை இந்த பஜ்ஜிக்காரர்களிடமிருந்தும் கொஞ்சம் காப்பாற்ற வேண்டும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு அந்த நேரத்தில் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

காசியம்மாள் ஷூவைக் கீழே வைத்தாள். சாமி சமாசாரத்தில் அவள் யாரையும் இரண்டாவது கேள்வி கேட்கிறவள் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தரகருக்குப் போன் போட்டு, பெண்ணுக்குக் காய்ச்சல், இன்றைக்கு வரவேண்டாம் என்று சரளமாக ஒரு பொய் சொன்னாள். உள் அறையிலிருந்து சுஜாதா வந்தாள். பாதி கட்டின பட்டுப்புடவை, தலையில் இன்னும் பூ வைக்கவில்லை. இருபத்தொன்பது வயது, பதினேழு பேர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். தங்கையின் கையைப் பிடித்தாள், பிறகு புடவையை அவிழ்க்க உள்ளே போனாள். போகும்போது அவள் நடை லேசாக இருந்ததைக் காயத்ரி பார்த்தாள். இரண்டு பேருக்கும் நல்லதுதான் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

பார்வதம் கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போனாள். மத்தியானத்துக்குள் வேண்டுதல் தெருமுனைவரை போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் வாரம். தீபாவளி முடிந்து மழை தொடங்கியிருந்த நேரம். விடியற்காலையில் காயத்ரி வெறுங்காலோடு படியிறங்க, தெருவில் நாலு வீட்டு வாசலில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி கையெடுத்துக்கூடக் கும்பிட்டாள். பிரிசில்லா பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தாள், பையில் ஷூவோடு. அந்த ஷூவை அவளிடம் கொடுத்ததே சுஜாதாதான். இனி தங்கைக்கு இது எதற்கு, நீயாவது போட்டுக்கொள் என்று.

“எங்க வூட்ல தெரிஞ்சா பாதர்கிட்ட கூட்டினு போய்டுவாங்க. உங்க சாமிக்கு நான் ஷூ தூக்கிகினு வரேன்” என்றாள் பிரிசில்லா.

முதல் வாரம் காயத்ரி நிஜமாகவே மலைக்கோயில்வரை ஏறினாள். அர்ச்சகரிடம் கைநிறைய விபூதி வாங்கி, அதை ஒன்பது பொட்டலமாக மடித்து, காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். வாரத்துக்கு ஒரு பொட்டலம் வீட்டுக்குப் போகும். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. வல்லத்துக்கு இரண்டாம் தடவை போனார்கள், பாலாற்றங்கரையில் நடந்தார்கள், பெயர் தெரியாத இரண்டு குன்றுகளில் ஏறினார்கள். ஒன்றில் ஆட்டுக்காரர் ஒருவர், என்ன தொலைந்துபோச்சு என்று இவர்களோடு சேர்ந்து கொஞ்ச நேரம் தேடினார். சும்மாதான் ஏறுகிறோம் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை.

வீட்டில் ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் சுஜாதா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். தங்கையின் காலை எடுத்து மடியில் வைத்து, உள்ளங்காலில் சூடு பறக்கத் தேய்ப்பாள். வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். கொப்புளம் ஒன்றுகூட இல்லையே, சாமி உன்னைப் பார்த்துக்கொள்கிறது என்பாள். திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸுக்குப் போகுமுன் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகை நெற்றியில் வைத்துக்கொண்டு போவாள். காயத்ரி அந்த நேரத்தில் குளிக்கப் போய்விடுவாள்.

ஐந்து வாரம் ஆனது. ஆறாவது ஞாயிறுக்கு முந்தைய புதன்கிழமை, டியூஷன் பிள்ளைகள் போனபிறகு, சுஜாதா மொட்டைமாடிக்கு வந்தாள். காயத்ரி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா நைட்டிக்கு மேல் போட்டிருந்த துண்டின் நுனியைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

கம்பெனி பஸ்ஸில் தீனதயாளன் என்று ஒருவர் வருகிறாராம். சிங்கப்பெருமாள்கோயிலில் ஏறுவாராம். இரண்டு வருஷமாகப் பழக்கம். பழக்கம் என்றால் ஒன்றுமில்லை, சாயங்காலம் திரும்பும்போது இடம் பிடித்து வைப்பார், மழை வந்தால் ஜன்னலை இழுத்து மூடுவார், அவ்வளவுதான். போன வாரம் அவரே கேட்டாராம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரட்டுமா என்று. அவருக்குக் குஜராத் கிளைக்கு மாற்றல் வந்திருக்கிறது. தை பிறந்ததும் போகவேண்டும். மார்கழிக்கு முன்னால் தட்டு மாற்றிவிட வேண்டும் என்று அவர் அம்மா அவசரப்படுகிறாராம். இந்த ஞாயிறு வரட்டுமா என்கிறார்கள்.

பதினேழு பேருக்கு முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்த அக்கா, ஒருவரைப் பற்றியாவது இவ்வளவு பேசிக் காயத்ரி கேட்டதில்லை.

“அம்மாகிட்ட சாடையா கேட்டேன். வேண்டுதல் முடியாம வாசப்படி ஏத்தக்கூடாதுன்னுது” என்றாள் சுஜாதா. “நீதானே பாப்பா வேண்டிக்கின. அது… கண்டிப்பாவா? ஒரு வாரம் முன்ன பின்ன ஆனா பரவால்லியா?”

எல்லாமே அந்த இடத்தில்தான் இருந்தது. இல்லைக்கா, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, வரச்சொல் என்று ஒரு வார்த்தை போதும். வேண்டுதலே பொய் என்றுகூடச் சொல்லவேண்டியதில்லை. சாமி கோபித்துக்கொள்ளாது என்று இன்னொரு பொய் சொல்லியிருந்தாலும் அக்கா நம்பியிருப்பாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மாதமாகத் திட்டம் போட்டிருந்தார்கள். கோவளத்திலிருந்து மாமல்லபுரம்வரை கடற்கரையிலேயே நடை. இதுவரை நடந்ததிலேயே பெரியது. வேண்டுதல் இல்லையென்று ஆனால் இந்த ஞாயிறு மட்டுமா போகும்? அதற்கடுத்த மூன்றும் போகும், விபூதிப் பொட்டலத்தைப் பற்றிக் கேள்வி வரும், ஷூ விஷயமும் வெளியே வரும். செமஸ்டரும் வருகிறது.

“கண்டிப்புதான்க்கா” என்றாள். “நாலு வாரந்தானே. அவங்களுக்கு வேணும்னா இருக்கமாட்டாங்களா?”

சுஜாதா தலையாட்டிவிட்டு, கொடியில் மிச்சமிருந்த துணிகளையும் எடுத்துத் தங்கையின் தோளில் போட்டுவிட்டுக் கீழே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. கோவளத்தில் இறங்கி, இருட்டு கலைகிற நேரத்தில் நடக்கத் தொடங்கினார்கள். ஈர மணலில் இரும்பு வைத்த ஷூ புதைந்து புதைந்து வந்ததால், முதல் மைலிலேயே காயத்ரி அதைக் கழற்றிப் பையில் கட்டித் தொங்கவிட்டாள். பட்டிப்புலத்தில் கட்டுமரக்காரர் ஒருவர் இவர்களுக்கு டீ வாங்கிக்கொடுத்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, பஸ் ஓடவில்லையா இன்றைக்கு என்று கவலைப்பட்டார். தேவனேரி தாண்டியபோது தூரத்தில் கடற்கரைக் கோயிலின் கூர் தெரிந்தது. காயத்ரி ஓடினாள். இருபது வயதில் ஒருத்தி காரணமில்லாமல் எப்படி ஓடுவாளோ அப்படி. அக்காவின் ஞாபகம் அன்று முழுக்க அவளுக்கு வரவே இல்லை. பிற்பாடு அவளால் தாங்கமுடியாமல் போனது முக்கியமாக இதைத்தான்.

அன்று சாயங்காலம் அவள் கால் நிஜமாகவே கிழிந்திருந்தது. கிளிஞ்சல் கீறிய இடங்களில் உப்புத்தண்ணீர் பட்டு வெடித்திருந்தது. இரண்டு குதிகாலிலும் கொப்புளம். சுஜாதா காலை மடியில் எடுத்து வைத்தவள், எண்ணெயைத் தொடாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கண்ணீர் காயத்ரியின் பாதத்தில் விழுந்தது.

“எனக்கோசரம் இப்படி பண்ணிக்கினியே பாப்பா” என்றாள்.

காயத்ரி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். சுஜாதா விடவில்லை.

அடுத்த மூன்று வாரத்தில் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. தீனதயாளனின் அம்மா ஒரு வாரம் பொறுத்தாள். பெண் வீட்டில் ஏதோ வேண்டுதல் என்று தள்ளிப்போடுகிறார்களே, விருப்பமில்லாததை இப்படிச் சொல்கிறார்களோ என்று அவளுக்குச் சந்தேகம். இதைச் சந்தேகம் என்று சொல்வதும் தப்பு. நாலு இடத்தில் பெண் கேட்டுப் பழகிய எந்த அம்மாவும் அப்படித்தான் நினைப்பாள். மார்கழி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது மதுராந்தகத்தில் ஒரு பெண்ணுக்குத் தட்டு மாற்றிவிட்டார்கள். தீனதயாளன் கம்பெனி பஸ்ஸில் எல்லோருக்கும் பூந்தி கொடுத்தார். சுஜாதாவுக்கு மட்டும் கொடுக்காமல் தாண்டிப் போக அவரால் முடியவில்லை, கொடுக்கவும் கை வரவில்லை. டப்பாவை அப்படியே அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் பின் சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். இது பஸ்ஸில் வருகிற இன்னொருத்தி மூலமாகத் தெருவுக்கு வந்தது. சுஜாதா அழுததை வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

ஒன்பதாவது ஞாயிறு வந்தது. வேண்டுதல் யாருக்காகவோ அவரும் கடைசி வாரம் கூடவந்து படிக்குப் படி பொட்டு வைக்க வேண்டும் என்று காசியம்மாள் சொல்லிவிட்டாள். வந்த ஒரு வரன் கைநழுவிப் போனதே இந்தக் கடைசி வாரம் பாக்கி இருந்ததால்தான், இதை முடித்தால் தையில் நல்லது நடக்கும் என்பது அவள் நம்பிக்கை. காசியம்மாளுக்கு மூட்டுவலி, அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டாள். துணைக்குப் பார்வதமும் வந்திருந்தாள். அவளுக்கு என்ன வேலை அங்கே என்று யாரும் கேட்கவில்லை.

மேலே ஐந்நூறு சொச்சம் படி. சுஜாதா வெறுங்காலோடு, குனிந்து ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, நிமிர்ந்து, அடுத்த படி. காயத்ரி தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஏறினாள். தங்கை எட்டு வாரமும் ஏறிப் பழகிய படி என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். எங்கே நிழல் வரும், எங்கே தண்ணீர் இருக்கும் என்று கேட்டாள். காயத்ரிக்குத் தெரியவில்லை. நூறு படி ஆனது. நூற்றைம்பது. சுஜாதாவின் முழங்கையிலிருந்து மஞ்சள் தண்ணீர் வழிந்து புடவை நனைந்தது. இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து, தங்கையைப் பார்த்து, இதை எப்படித்தான் வாராவாரம் ஏறினாயோ என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் காயத்ரி உடைந்துபோனாள். தட்டைக் கையில் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வேண்டுதல் இல்லை, ஒருநாளும் இல்லை, பஜ்ஜி போடாமல் தப்பிக்கச் சொன்னது, ஷூ பிரிசில்லாவிடம் இருக்கிறது, விபூதி முதல் வாரத்தோடு சரி, கால் கிழிந்தது கடற்கரையில் ஓடியதால். மொட்டைமாடியில் கேட்டபோது வாய் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. பின்னால் வந்த ஒரு குடும்பம் இவர்களைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. அதில் ஓர் அம்மாள் காயத்ரி அழுவதைப் பார்த்து, சாமி கொடுக்கும் கண்ணு என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

சுஜாதா படியில் உட்கார்ந்தாள். கீழே திருக்கழுக்குன்றத்துக் குளமும், கோபுரங்களும், அம்மாவும் பார்வதமும் நிழலில் உட்கார்ந்திருந்த இடமும் தெரிந்தன. முழங்கையில் வழிந்த மஞ்சளை முந்தானையால் துடைத்தாள்.

“சாமிதான் கண்ண மூடிக்கிச்சின்னு நெனச்சிகினு இருந்தேன் பாப்பா” என்றாள். “அது எவ்வளவோ பரவால்ல.”

பிறகு, அம்மாவிடம் சொல்லாதே, தாங்காது என்றாள். தட்டைத் தங்கையின் கையிலிருந்து வாங்கி, தானே ஒரு கையில் பிடித்துக்கொண்டாள். விட்ட படியிலிருந்து மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, மேலே போனாள். காயத்ரி இரண்டு படி பின்னாலேயே ஏறினாள். உச்சிவரை அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு படியையும் விடவுமில்லை.

தையில் தீனதயாளன் மதுராந்தகத்துப் பெண்ணைக் கட்டிக் குஜராத்துக்குக் கூட்டிப்போனார். சித்திரையில் சுஜாதா மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கம்பெனியின் ஒசூர் கிளைக்குப் போனாள். அங்கே லேடீஸ் ஹாஸ்டல். அம்மாவுக்குத் தினமும் போன் செய்வாள். அம்மா போனைத் தங்கையிடம் நீட்டினால், எப்படி இருக்கிறாய் காயத்ரி, சாப்பிட்டாயா, சரி வைக்கிறேன் என்பாள். அதில் ஒரு குறை சொல்லமுடியாது. எண்ணெய்க் கிண்ணத்தோடு காலைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தவள் அவள்தான் என்றால்தான் நம்பமுடியாது. பிரிசில்லா இரண்டு மூன்று ஞாயிறு வந்து கூப்பிட்டுப் பார்த்தாள், காயத்ரி போகவில்லை. பிறகு அவளும் கல்பாக்கத்தில் வேலை செய்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டு அணுசக்தி டவுன்ஷிப்புக்குப் போய்விட்டாள்.

பெரியவள் இருக்கச் சின்னவளுக்கு எப்படி என்று காசியம்மாள் ஒன்றரை வருஷம் தயங்கினாள். சுஜாதாவே போனில், எனக்காக யாரையும் நிறுத்தாதே என்று சொன்னபிறகு, காஞ்சிபுரத்தில் லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் கணக்கெழுதுகிற ராகவனுக்குக் காயத்ரியைக் கொடுத்தார்கள். அக்கா முகூர்த்தத்துக்குக் காலையில் வந்து இறங்கினாள். தாலி ஏறும்போது நாத்தனார்களோடு பின்னால் நின்று விளக்கைப் பிடித்தாள். சாயங்காலம் ஷிஃப்ட் இருக்கிறதென்று போய்விட்டாள்.

அடுத்த வருஷம் ஒசூரில், மனைவியை இழந்த ஒரு சூப்பர்வைசரைச் சுஜாதா பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ஏழு வயதில் அவருக்கு ஒரு பெண் உண்டு. முடிந்தபிறகு அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். காசியம்மாள் அழுதுகொண்டே எதிர்வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். காஞ்சிபுரத்தில் இருந்த காயத்ரிக்கு அந்தச் செய்தி பார்வதத்தின் வாயால்தான் போய்ச் சேர்ந்தது.